உரிமம்

ஜவளகிரி டீக்கடைப் பேச்சில் 'ஓட்டுநர் உரிமம்' அபூர்வம், 'லைசென்ஸ்'தான். அருகிலுள்ள கர்நாடக எல்லையைத் தாண்டினால் கன்னடத்தில் 'சாலனா பரவானகி'. பரவானகி பாரசீக வழிச் சொல், லைசென்ஸ் லத்தீன் வழி. இரண்டும் சொல்வது அனுமதியைத்தான். இலங்கையின் 'சாரதி அனுமதிப்பத்திரம்' அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டுச் சொல்லின் வேர் வேறு: 'உரி'. உரியவர், உரித்து, உரிமை எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. உரிமை பிறப்பிலேயே வரலாம். உரிமம் விண்ணப்பித்து, தேறி வாங்க வேண்டியது. ஈற்றில் 'ஐ' போய் 'அம்' வந்ததில் இவ்வளவு வேறுபாடு. அருமையான ஆக்கம்!

எல்.எல்.ஆர். என மக்கள் சொல்லும் பழகுநர் உரிமத்துக்கு ஆயுள் 6 மாதம். 30 நாள் கழிந்தபின் தேர்வு. பைக்கில் கால் ஊன்றாமல் 8 வடிவத் தடத்தைச் சுற்றிவர வேண்டும். "எட்டுப் போட்டாச்சா?" என்றால் லைசென்ஸ் வாங்கியாச்சா என்றே பொருள்.

வாங்கிய உரிமமும் ஒருநாள் காலாவதியாகும். 'காலாவதி' என்பது காலமும் அவதியும் சேர்ந்தது. இங்கே அவதி என்றால் எல்லை. அந்த எல்லை கடந்த நாள்முதல் வண்டி ஓட்டக்கூடாது. ஓராண்டுக்குள் புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் எட்டுப் போட வேண்டும். அட்டையிலுள்ள தேதியை இன்றே பாருங்கள்.