வான்குதிப்புக் கருவிகள்

வான்குதிப்புக் கருவிகள் என்பவை, பறக்கும் வானூர்தியிலிருந்து குதிப்பவர் தரையைப் பாதுகாப்பாக அடைவதற்கு அணிந்துகொள்ளும் வான்குடைகள், உடல்வார், துணைக்கருவிகள் ஆகியவை அடங்கிய தொகுதி ஆகும். வான்குடை பேச்சு வழக்கில் பாராசூட் எனப்படுகிறது (தமிழ்நாட்டில் இச்சொல் தேங்காய் எண்ணெயின் பெயராகவே பலருக்கும் அறிமுகம்). விளையாட்டு வான்குதிப்பில் இத்தொகுதி எப்போதும் இரண்டு வான்குடைகளைக் கொண்டிருக்கும். ஒன்று முதன்மை வான்குடை, மற்றொன்று காப்பு வான்குடை.

2014 பெப்ரவரியில் சேலம் விமான நிலையப் பகுதியில் நடந்த பயிற்சிக் குதிப்பு ஒன்றில் பெண் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய விபத்துகளைப் பற்றிய செய்திகளில் "பாராசூட் விரியவில்லை" என்ற தொடரே பெரும்பாலும் இடம்பெறும். ஆனால் ஒரு தொகுதியில் இரண்டு வான்குடைகளும், அவற்றை விரிக்கப் பல வழிகளும் உள்ளன. எனவே எது விரியவில்லை, ஏன் விரியவில்லை என்பதை அறியாமல் அத்தொடரால் எதையும் விளங்கிக்கொள்ள இயலாது. மேலும், அனுபவம் உள்ளவர்களிடையே நிகழும் உயிரிழப்புகளில் கணிசமானவை, வான்குடை நன்றாக விரிந்த பின்னரே நிகழ்கின்றன.

உறுப்புகள்

உடல்வாரும் அதனுடன் தைக்கப்பட்ட முதுகுப் பையும் தொகுதியின் அடிப்படை ஆகும். வார்கள் நைலான் நாடாவால் ஆனவை. முதுகுப் பையின் மேல் அறையில் காப்பு வான்குடையும் கீழ் அறையில் முதன்மை வான்குடையும் மடித்து வைக்கப்படும். உடல்வார் குதிப்பவரின் உடலளவுக்குப் பொருந்த வேண்டும். தளர்வான கால்வாரும் மார்புவாரும் விரிதலின் அதிர்ச்சியில் உடலை நழுவ விடலாம். பிறருடைய தொகுதியை இரவல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

இன்றைய முதன்மை வான்குடை செவ்வக அல்லது நீள்வட்ட வடிவம் கொண்ட இறக்கை ஆகும். இரண்டு அடுக்குத் துணிகளுக்கிடையே உள்ள அறைகளில் முன்புறமாகக் காற்று புகுந்து இறக்கையை விறைப்பாக்கும். பட்டங்கள் செய்து வந்த டொமினா ஜால்பர்ட் இவ்வடிவத்திற்கு 1966இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பழைய வட்ட வான்குடை காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைத்தது. இறக்கை வான்குடையோ பறக்கிறது, திரும்புகிறது, தவறாகக் கையாண்டால் தரையை நோக்கிப் பாய்கிறது.

விரியும் முறை பின்வருமாறு. குதிப்பவர் சிறிய இழுவைக்குடை ஒன்றைக் காற்றில் எறிவார். அது பையின் ஊசியை இழுத்துத் திறந்து, வான்குடை மடித்து வைக்கப்பட்ட உறையை வெளியே எடுக்கும். கயிறுகள் நீண்ட பின்னர் உறையிலிருந்து துணி வெளிவரும். வயிறு கீழ்நோக்கிய நிலையில் விழுபவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 முதல் 200 கிலோமீட்டர் ஆகும். அவ்வேகத்தில் துணி ஒரே நொடியில் விரிந்தால் துணியும் கிழியும், உடலும் தாங்காது. ஆதலால் நான்கு மூலைகளில் வளையங்கள் பதித்த சிலைடர் என்னும் சிறு துணி, கயிறுகளின் வழியே மெல்லக் கீழிறங்கி விரிதலைச் சில நொடிகளுக்கு நீட்டிக்கிறது.

காப்பு அமைப்பு

முதன்மை வான்குடை சிக்கினால் அதைக் கழற்றிவிட்டே காப்பு வான்குடையை விரிக்க வேண்டும், இல்லாவிடில் இரண்டும் பின்னிக்கொள்ளக்கூடும். இதற்கெனப் பில் பூத் 1970களின் நடுப்பகுதியில் உருவாக்கிய மூவளைய அமைப்பு இன்று ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் உள்ளது. ஒன்றினுள் ஒன்றாகக் கோக்கப்பட்ட மூன்று வளையங்களும் நெம்புகோல்களாகச் செயற்பட்டு, ஓர் ஆளின் முழு எடையையும் சிறிய நூல் கண்ணி ஒன்றில் நிறுத்துகின்றன. கண்ணியைத் தாங்கும் கம்பியை உருவினால் முதன்மை வான்குடை பிரிந்துவிடும். வழக்கமான அமைப்பில் வலது மார்புப் பக்கக் கைப்பிடி முதன்மையைக் கழற்றும், இடது பக்கக் கைப்பிடி காப்பை விரிக்கும். முதன்மை பிரியும்போதே காப்பு அறையைத் தானாகத் திறக்கும் இணைப்புநாடா ஒன்றும் உண்டு. தொடக்கநிலைக் குதிப்பாளர்களுக்கு இது மிகவும் பரிந்துரைக்கப்படுகிறது.

குதிப்பவர் மயங்கினாலோ உயரத்தை மறந்தாலோ காப்பு வான்குடையை விரிப்பது தானியங்கி விரிப்பான் ஆகும். ஹெல்முட் குளோத் உருவாக்கி 1991இல் வெளிவந்த சைப்ரஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணிக்கும் இக்கருவி, சிறு வெடிமருந்தால் இயங்கும் வெட்டுகருவியைக் கொண்டு காப்பு அறையைப் பூட்டியிருக்கும் கண்ணியை வெட்டுகிறது. அனுபவம் பெற்றோருக்கான வகை, ஏறத்தாழ 225 மீட்டர் (750 அடி) உயரத்தில் நொடிக்கு 35 மீட்டரை மிஞ்சிய வேகம் இருந்தால் மட்டுமே இயங்கும். பாதி விரிந்து சிக்கிய வான்குடையின் கீழ் வேகம் அந்த எல்லைக்குக் குறைவாக இருந்தால் கருவி பேசாமல் இருந்துவிடும். ஆகவே இதை நம்பிக் கைப்பிடிகளை மறப்பது தவறு.

காப்பு வான்குடையைச் சான்று பெற்ற ரிக்கர் எனப்படும் தொழில்நுட்பரே மடிக்க வேண்டும். அவர் நூலும் ஈய முத்திரையும் இட்டு, மடித்த நாளை அட்டை ஒன்றில் பதிவார். அமெரிக்க விதிகளின்படி, பயன்படுத்தப்படாவிட்டாலும் காப்பு வான்குடையை 180 நாட்களுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மடிக்க வேண்டும்.

இறக்கைச் சுமையும் அளவுத் தேர்வும்

வான்குடை வாங்குபவர் நிறத்தையும் நிறுவனத்தையும் பார்ப்பதற்கு முன் கணக்கிட வேண்டியது இறக்கைச் சுமை ஆகும். இது, கருவிகள் உட்படக் குதிப்பவரின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து, வான்குடையின் பரப்பைச் சதுர அடியில் கொண்டு வகுத்தால் கிடைக்கும் எண்ணாகும். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 12 கிலோகிராம் கருவிகளுடன் குதித்தால் மொத்தம் 82 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 181 பவுண்டு. அவருக்கு 260 சதுர அடிப் பயிற்சி வான்குடையில் இறக்கைச் சுமை 0.7, 190இல் 0.95, 150இல் 1.2, 120இல் 1.5 ஆகும். பயிற்சி முடித்துப் புதிதாக வருபவர் 1.0 என்னும் எல்லையைத் தாண்டாதிருப்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறியாகும்.

பறக்கும் வேகம் இறக்கைச் சுமையின் இருமடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. சுமை இரு மடங்கானால் வேகம் 1.4 மடங்காகும். எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தரையில் மோதும்போது உடல் தாங்க வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால் அது இரண்டு மடங்காகிறது. மேலும், சிறிய வான்குடையின் கயிறுகள் குட்டையாதலால், ஒரே இறக்கைச் சுமையிலும் அது பெரியதைவிட விரைந்து திரும்பும். எடை குறைந்த ஒருவர் "எனக்கும் 1.0 தானே" என்று 120 சதுர அடி வான்குடையைத் தேர்ந்தெடுப்பது இதனால் ஏற்கத்தக்கதன்று.

வெப்பமும் உயரமும் காற்றின் அடர்த்தியைக் குறைத்து வேகத்தைக் கூட்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரில் கோடைக்காலப் பிற்பகலில் இறங்குபவர், அதே வான்குடையில் புதுச்சேரிக் கடற்கரையில் காலையில் இறங்குபவரைவிடச் சில விழுக்காடு கூடுதல் வேகத்தில் தரையை அடைவார்.

விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பழைய சிறிய வான்குடையை வாங்குவது பரவலாகக் காணப்படும் தவறு. அனுபவம் கூடியவர்கள் சிறியதற்கு மாறும்போது விற்பவை இரண்டாங்கைச் சந்தையில் நிறைய வருகின்றன. அவை விற்பவரின் திறனுக்கு ஏற்றவை, வாங்குபவரின் திறனுக்கு அல்ல. வாங்குவதற்கு முன் ஒரு ரிக்கரிடம் காட்டுவதும், அதே அளவை இரவலாகப் பெற்றுப் பறந்து பார்ப்பதும் நன்று.

விரிந்த வான்குடையின் கீழ் ஆபத்துகள்

விரிந்தவுடன் குதிப்பவர் மேலே பார்த்து, வான்குடை வடிவம் கொண்டுள்ளதா, திரும்புகிறதா, இரு கைப்பிடிகளையும் இழுக்கும்போது வேகம் குறைகிறதா எனச் சோதிக்க வேண்டும். அமெரிக்க வான்குடைச் சங்கம், மாணவர்களும் புதிய உரிமம் பெற்றோரும் 2,500 அடிக்குள் (ஏறத்தாழ 760 மீட்டர்) முடிவெடுத்துக் காப்பு நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்கிறது. முழு வேகத்தில் விழுபவர் அந்த உயரத்தைக் கடக்க ஏறத்தாழ 14 நொடிகளே ஆகும். எதுவுமே விரியாத நிலையில் முதன்மையைக் கழற்றிய பின் காப்பை இழுப்பதா, நேரடியாகக் காப்பை இழுப்பதா என்பதில் பயிற்றுநர்களிடையே இரு கருத்துகள் உண்டு. மாணவர் தமக்குக் கற்பிக்கப்பட்ட ஒன்றையே பின்பற்ற வேண்டும்.

தாழ்வான உயரத்தில் திரும்புவதே விரிந்த வான்குடையின் கீழ் நேரும் மிகப் பெரிய ஆபத்து. ஒரு பக்கக் கைப்பிடியை ஆழமாக இழுத்தால் இறக்கை சாய்ந்து மூழ்குகிறது, குதிப்பவர் ஊசல் போல் வெளிப்புறம் வீசப்படுகிறார். அவர் மீண்டும் வான்குடையின் நேர்கீழே வருவதற்குப் பல பத்து மீட்டர் உயரம் வேண்டும். அதற்குள் தரை வந்துவிட்டால் வான்குடையில் ஒரு குறையும் இல்லாமலே உயிர் போகும். வேண்டுமென்றே வேகம் பெறத் திரும்புபவர்கள் ஒரு வகை. மின்கம்பியையோ பனைமரத்தையோ கடைசி நொடியில் கண்டு திரும்புபவர்களும், காற்றை எதிர்கொண்டே இறங்க வேண்டும் என்ற பாடத்தை மிகத் தாழ்வில் நினைவுகூர்பவர்களும் மற்றொரு வகை. அந்நிலையில் காற்றின் திசையிலேயே நேராக இறங்கி, இரு கைப்பிடிகளையும் சமமாக இழுத்து, கால்களைச் சேர்த்து உருள்வது அடிபடச் செய்தாலும் பெரும்பாலும் உயிரைக் காக்கும். தவிர்க்க முடியாத திருப்பத்தை இரு கைப்பிடிகளும் பாதி இழுத்த நிலையில் மெதுவாகச் செய்யும் முறையைப் போதிய உயரத்தில் முன்கூட்டியே பழக வேண்டும்.

சதுர வான்குடையில் மாணவர் குதிப்பதற்கான காற்றின் உச்ச வரம்பு மேற்கூறிய சங்கத்தின் விதிப்படி மணிக்கு 14 மைல் (ஏறத்தாழ 22 கிலோமீட்டர்) ஆகும். இந்தியச் சமவெளிகளில் வெயில் ஏறிய பின் எழும் வெப்பக் காற்றோட்டமும் சூறாவளித் தூசியும் தரைக்கு அருகில் வான்குடையின் அறைகளைச் சுருங்கச் செய்யக்கூடும். காலைக் குதிப்பு விரும்பப்படுவது இதனாலேயே.

பராமரிப்பு

நைலான் சூரியனின் புறஊதாக் கதிரால் வலுவிழக்கும். மடிக்கும் இடத்தில் வெயிலில் பரப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது கூட ஆயுளைக் குறைக்கும். ஸ்பெக்ட்ரா கயிறுகள் சிலைடரின் உராய்வு வெப்பத்தால் நாளடைவில் சுருங்கும். ஓரக்கயிறுகள் அதிகமாகச் சுருங்குவதால் வான்குடையின் வடிவம் மாறி, விரிதலும் தரையிறக்கமும் கெடும். துணி புதியதாகத் தெரிந்தாலும், சில நூறு குதிப்புகளுக்குப் பின் கயிறுகளை மாற்ற நேரிடும்.

அமிலம் நைலானுக்குப் பகை. 1980களில் சில வட்டக் காப்பு வான்குடைகளின் வலைத்துணியில் இருந்த அமிலத்தன்மை அருகிலுள்ள துணியை உளுக்கச் செய்தது கண்டறியப்பட்டு, அவை சோதனைக்கு உள்ளாக்கப்பட்டன. கண்ணால் பார்த்து அறிய முடியாத கேடு இது. மின்கல அமிலம் உள்ள வாகனப் பெட்டியிலோ, தோல் பதனிடுதலில் கந்தக அமிலம் பயன்படும் வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரக் கிடங்குகளிலோ தொகுதியை வைத்தல் கூடாது.

காலணியிலும் கவனம் தேவை. கணுக்காலைத் தாங்கும் காலணி நல்லது, ஆனால் நாடாவை மாட்டுவதற்கான உலோகக் கொக்கிகள் இருத்தல் கூடாது. விரியும் கயிறு அதில் மாட்டிக்கொள்ளலாம். வேலூர் லாங் பஜாரில் வாங்கினாலும் வெளிநாட்டிலிருந்து தருவித்தாலும், கொக்கிக்குப் பதில் துளை உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தியாவில்

கல்கத்தாவின் இராம்சந்திர சட்டர்ஜி 1890இல் பலூனிலிருந்து வான்குடையில் இறங்கினார். கான்பூர் வான்குடைத் தொழிற்சாலை 1941இல் தொடங்கப்பட்டது, 2021 முதல் கிளைடர்ஸ் இந்தியா நிறுவனமாக இயங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பட்டும் நைலானும் போதாமையால், பர்மாப் போர்முனைக்குப் பொருட்களை இறக்க வங்காளச் சணலால் வான்குடைகள் செய்யப்பட்டன. மனிதர்களுக்கு அவை பயன்படுத்தப்படவில்லை. ஆக்ராவில் விமானப்படையின் வான்குடைப் பயிற்சிப் பள்ளியும், வான்குடைகளை வடிவமைக்கும் பாதுகாப்பு ஆய்வகமும் உள்ளன. 1979இல் முதன்முதலாகக் குதித்த ரேச்சல் தாமஸ், இந்தியாவின் முதல் பெண் வான்குதிப்பாளராக அறியப்படுகிறார்.

2022இல் வெளியான தேசிய வான்விளையாட்டுக் கொள்கை வான்குதிப்பையும் உள்ளடக்கியது. இந்தியாவில் குதிப்பவர்களில் பலர் பயிற்றுநருடன் பிணைக்கப்பட்டு இரட்டையர் குதிப்பில் ஒரே ஒருமுறை மட்டும் குதிப்பவர்கள். அவர்கள் கருவியைத் தேர்ந்தெடுப்பதில்லை. எனினும் காப்பு வான்குடையை மடித்த நாள் எழுதிய அட்டையைக் காட்டும்படி கேட்கலாம். தானியங்கி விரிப்பான் பொருத்தப்பட்டு இயக்கப்பட்டுள்ளதா, பயிற்றுநரிடம் இரட்டையர் குதிப்புக்கான தனி உரிமம் உள்ளதா, காற்று எவ்வளவு வேகத்தை எட்டினால் அன்றைய குதிப்பு நிறுத்தப்படும் என்பனவும் கேட்கத்தக்கவை. முன்பணம் செலுத்துவதற்கு முன்பே இவற்றைக் கேட்பது எளிது.