புதிய நுண்செயலி வரும்வரை பொறுக்கலாமா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குக் கணிப்பொறி வாங்கப் போனவர்கள் பலருக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான்: "அவசரம் இல்லேன்னா மூணு மாசம் பொறுங்க சார், புது பிராசஸர் வருது." கல்லூரியில் சேர்ந்த மகளுக்காகச் சேர்த்த பணத்தோடு மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ வந்த ஒரு தந்தை இதைக் கேட்டுத் தயங்குவது இயல்பே. இன்று வாங்கினால் மூன்று மாதத்தில் அது பழையதாகிவிடும். வாங்காமல் போனால் அதுவரை பெண்ணின் படிப்பு என்னாவது? பிராசஸர் எனப்படும் நுண்செயலிதான் கணிப்பொறியின் கணக்கிடும் உறுப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் புதிய வகை வரும்வரை பொறுப்பதா, வேண்டாமா என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் ஊரிலேயே நடந்தது.

அடையாற்றுக்குத் தெற்கே, கிண்டி மான் காட்டை ஒட்டி அமைந்த ஐ.ஐ.டி., மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-இல் தொடங்கப்பட்டது. 1973-இல் அங்கே ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் பொறி அது. அதன் நினைவகம் மிகச் சிறிய காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்யப்பட்டது. ஒரு வளையத்தில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரே ஒரு செய்தியைத்தான் பதிய முடியும்.

இனி நாள்களைக் கவனியுங்கள். ஐ.பி.எம். நிறுவனம் 155-ஐ அறிவித்தது 1970 ஜூனில். 1972 ஆகஸ்டிலேயே அதன் வாரிசான 158-ஐ அறிவித்துவிட்டது. புதியதில் காந்த வளையங்கள் இல்லை. குறைகடத்திச் சில்லுகளே நினைவகமாயின. அதைவிடப் பெரிய மாற்றம் 'மாய நினைவகம்'. மேசை சிறியது, ஆனால் அலமாரி பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய புத்தகத்தை மட்டும் மேசைக்குக் கொண்டுவந்து, படித்து முடித்ததைத் திரும்ப வைத்தால், சிறிய மேசையிலேயே பெரிய வேலையைச் செய்யலாம் அல்லவா? வட்டிலிருந்து நினைவகத்துக்குச் செய்திகளை இவ்வாறு தானாகவே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. பழைய 155-இல் இந்த வசதியைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு லட்சம் டாலர் செலவழித்துத் தனிப் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் 155-ஐ வாங்கியிருந்தவர்கள் கொதித்துப்போனதில் வியப்பில்லை.

அதாவது, சென்னைக்கு 155 வந்து சேர்ந்தபோதே அது முந்தைய தலைமுறைப் பொறியாகிவிட்டது. ரிச்சி தெருவின் அறிவுரை அன்று இருந்திருந்தால், "158 வரும்வரை பொறுங்கள்" என்றுதான் சொல்லியிருக்கும்.

பொறுக்காததால் என்ன நட்டம் வந்தது? எதுவும் வரவில்லை என்றே நான் கருதுகிறேன். அதே 1973-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து பேராசிரியர் எச். என். மஹாபாலா சென்னைக்கு வந்தார். கணிப்பொறி அறிவியல் இங்கே வேரூன்றியது. மாணவர்கள் தங்கள் கணக்குகளைத் துளையட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அச்சடித்த விடைத் தாளுக்குக் காத்திருந்தார்கள். ஓர் அட்டை தவறினாலும் மறுபடி முதலிலிருந்து! பின்னாளில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன், 1970களின் பிற்பகுதியில் இந்த வளாகத்தில் படித்தவர். எம்.டெக். படிப்பு இரண்டே ஆண்டு. இன்னும் நல்ல பொறிக்காக இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால், ஓர் அணி மாணவர்கள் முழுவதுமே பொறியைத் தொடாமல் வெளியேறியிருப்பார்கள். ஐந்து ஆண்டு பொறுத்திருந்தாலோ கதையே வேறு: 1978-இல் ஐ.பி.எம். நிறுவனமே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது.

ஒரு கணக்கு

எப்போது பொறுக்கலாம் என்பதைக் கணக்கிட்டும் சொல்ல முடியும். 1999-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக வானியலார் சிலர் பாதி வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கணிப்பொறிகளின் ஆற்றல் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று கொள்வோம். இன்றைய பொறியில் ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் ஓட வேண்டிய ஒரு கணக்கு உங்களிடம் இருக்கிறது. இன்றே தொடங்கினால் 60 மாதத்தில் விடை கிடைக்கும். 18 மாதம் சும்மா இருந்துவிட்டு, அப்போதைய பொறியை வாங்கித் தொடங்கினால் கணக்கு 30 மாதத்தில் முடியும். காத்திருந்த காலத்தையும் சேர்த்து 48 மாதம். ஒன்றரை ஆண்டு பெசன்ட் நகர்க் கடற்கரையில் காற்று வாங்கியவருக்கு ஓர் ஆண்டு மிச்சம்!

ஆனால் ஓர் ஆண்டுக் கணக்கானால்? 18 மாதம் பொறுத்து, பிறகு 6 மாதம் ஓட்டினால் மொத்தம் 24 மாதம். இது நட்டம். இடையில் எல்லைக்கோடு எங்கே? இரட்டிக்கும் காலத்தை 1.44-ஆல் பெருக்குங்கள்: 18 மாதத்துக்கு ஏறக்குறைய 26 மாதம். 26 மாதத்துக்கு மேல் ஓடும் கணக்குக்குப் பொறுப்பது இலாபம். அதற்குக் குறைந்ததற்கு உடனே தொடங்குவதே இலாபம். கணிதம் படிக்கும் மாணவர்கள் வகைநுண்கணிதத்தால் இதைத் தாங்களே வருவித்துப் பார்க்கலாம். 1.44 என்பது 2-இன் இயல் மடக்கையின் தலைகீழ்தான்.

கட்டுரை எழுதப்பட்ட அந்த நாள்களில் பொறுத்தவருக்கு உண்மையிலேயே பரிசு காத்திருந்தது. 1993 மார்ச்சில் வந்த முதல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4-இன் வேகம் 1,500 மெகாஹெர்ட்ஸ். எட்டு ஆண்டு நிறைவதற்குள் துடிப்பு 25 மடங்காயிற்று! "மூணு மாசம் பொறுங்க" என்ற அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. அன்று அது பொருளுள்ள பேச்சு.

துடிப்பு நின்றது

பிறகு வந்தது 2004. டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் அவை உண்ணும் மின்சாரமும் அதே அளவில் குறையும் என்று ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974-இல் காட்டியிருந்தார்கள். அந்த விதி முப்பது ஆண்டு உழைத்துவிட்டுக் களைத்துப்போனது. டிரான்சிஸ்டர் மிகச் சிறியதானபோது, அணைத்து வைத்த நிலையிலும் அதன் வழியே மின்னோட்டம் கசியத் தொடங்கியது. வேகத்தைக் கூட்டினால் சில்லு கொதித்தது. இன்டெல் நிறுவனம் 'தேஜாஸ்' என்ற பெயரில் வளர்த்துவந்த அடுத்த நுண்செயலியை 2004 மே மாதம் கைவிட்டது. வருவதாகச் சொல்லியிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ அக்டோபரில் கைவிட்டது. அந்நிறுவனத் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு அவற்றுக்காகப் பொறுத்திருந்தவர்கள் வராத விருந்தாளிக்கு இலை போட்டவர்கள் ஆனார்கள்.

2004 இறுதியில் 3.8 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்த உச்சத் துடிப்பு, 2023 தொடக்கத்தில்தான் கடைச் சில்லு ஒன்றில் 6 கிகாஹெர்ட்ஸை எட்டியது. பதினெட்டு ஆண்டில் இரண்டு மடங்குகூட இல்லை. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஒரு துடிப்பில் செய்யும் வேலை கூடியிருக்கிறது, ஒரு சில்லுக்குள் ஒன்றாக இருந்த கணக்கிடும் உள்ளகங்கள் பலவாகப் பெருகியிருக்கின்றன. ஆனாலும் நம் கணக்கில் ஓர் எண் மாறிவிட்டது. ஓர் உள்ளகத்தின் ஆற்றல் இரட்டிக்க எட்டு ஆண்டு ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், எல்லைக்கோடு 26 மாதத்திலிருந்து பதினொன்றரை ஆண்டுக்கு ஓடிவிடுகிறது. நாலாண்டுப் படிப்புக்கு வாங்கும் பொறிக்கு ஆறு மாதம் காத்திருப்பது, படிப்பின் எட்டில் ஒரு பங்கைச் சிறு வேகத்துக்கு விற்பதாகும்.

இப்படிச் சொல்வதால் பொறுமைக்கு மதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2000-இல் முதல் பென்டியம் 4-ஐ அவசரப்பட்டு வாங்கியவர்களின் மதர்போர்டில் 423 ஊசித் துளைகள். மறு ஆண்டே 478 ஊசிச் சில்லு வந்தது, பழைய போர்டு பயனற்றதாயிற்று. 2006 ஜூனில் வாங்கியவருக்கும் மனக்குறை இருந்திருக்கும். ஜூலையில் வந்த கோர் 2 டுவோ, குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்தது. பென்டியத்தின் வகுத்தல் பிழை இன்னொரு வகைப் பாடம். 1993-இல் விற்பனைக்கு வந்த சில்லு சில வகுத்தல் கணக்குகளுக்குத் தவறான விடை தருவதைக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1994 அக்டோபரில் வெளிப்படுத்தினார். சில்லுகளை மாற்றித் தர இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். ஆகவே, புத்தம் புதியது கடைக்கு வந்த அன்றே வாங்குவதும் ஒருவிதச் சூதாட்டமே. நாளும் விலையும் அறிவிக்கப்பட்டுச் சில வாரத்தில் வரவிருக்கும் சில்லுக்குப் பொறுக்கலாம். அப்போது முந்தையதன் விலை இறங்கவும் கூடும். வெறும் வதந்திக்குப் பொறுப்பது வீண்.

அப்படி விலை இறங்கும் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. கணிப்பொறி என்பது நுண்செயலி மட்டும் அல்லவே! 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் அவற்றின் விலை கிடுகிடுவென ஏறியது. புதிய நுண்செயலிக்காக அந்த மாதங்களில் பொறுத்தவர்கள் நினைவகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது.

155 வந்து இறங்கிய அதே வளாகத்தில் இப்போது நுண்செயலியே வடிவமைக்கிறார்கள். பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் 2014-இல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தின் சில்லு ஒன்று 2018-இல் அமெரிக்காவில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. இன்னொன்று சண்டிகரில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. முதலாவதன் வேகம் 350 மெகாஹெர்ட்ஸ் அளவே. மேசைக் கணிப்பொறிக்கான இந்தியச் சில்லுக்காகக் கடை வாசலில் நிற்பவர் நெடுநாள் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் சக்தி குடும்பத்தில் விண்வெளிக்கென்றே உருவான 'ஐரிஸ்' சில்லு 2025 பிப்ரவரியில் இயங்கிக் காட்டியது. இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய அதன் நுட்பமும் 180 நானோமீட்டர்; 2000-இல் வந்த முதல் பென்டியம் 4-இன் அதே அளவு. கதிர்வீச்சும் அதிர்ச்சியும் மிகுந்த விண்கலங்களில், நன்கு பழகிய பெரிய டிரான்சிஸ்டர்களைத்தான் பொறியாளர்கள் நம்புகிறார்கள்.