கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று போகிறதா? பின்னால் செருகியிருப்பதை முதலில் கழற்றுங்கள்



வக்ஃப் சொத்து விவரங்களைப் பதிவேற்ற 2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு உம்மீத் இணையதளத்தைத் தொடங்கி ஆறு மாத அவகாசம் கொடுத்தது. பல ஜமாஅத் அலுவலகங்களில் தூங்கிக் கிடந்த கம்ப்யூட்டர்களுக்கு அப்போதுதான் வேலை வந்தது. மாமல்லபுரம் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்ய உட்கார்ந்த சகோதரர்கள் எங்களை அழைத்தார்கள். பத்துப் பக்கம் ஓடினால் நீலத் திரை வருகிறது, பிரிண்ட் கொடுத்தால் பட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகிறது என்றார்கள். கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். மாற்றினார், பிறகு ரேம் மாற்றினார், கடைசியில் ஃபார்மட் போட்டுவிடலாம் என்றார். நிக்காஹ் பதிவேடும் சந்தா கணக்கும் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

இப்படி நிற்கும் கம்ப்யூட்டரில் முதல் வேலை பழுது பார்ப்பதல்ல, பிரதி எடுப்பது. சேஃப் மோடில் திறந்தால் பெரும்பாலும் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் முடியாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுக்கலாம். பிரதி கைக்கு வரும்வரை ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நீலத் திரை வந்து நிற்பதும், திரை கறுத்துப் பட்டென்று அணைவதும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் டிரைவர், ரேம், டிஸ்க் பக்கம் கை காட்டும். இரண்டாவது மின்சாரம் அல்லது சூடு. நீலத் திரையில் வரும் எழுத்தைப் படிக்க விடாமல் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால், சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதிக்குப் போய் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்துப் பலர் அதையே நோய் என்று நினைக்கிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது, ஏன் என்று சொல்லாது.

பிறகு கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முழு நாள் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் குற்றவாளி வெளியே இருக்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் செருகுங்கள். அவசரப்பட்டு இரண்டைச் செருகினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். வெளிச் சாதனத்தால் நிற்பது ஏழைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வருகிற சங்கடமல்ல. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில், பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருக, எல்லோர் முன்னாலும் நீலத் திரை வந்தது.

அந்த ஜமாஅத் அலுவலகத்தில் நாங்கள் கண்டது மூன்று கோளாறுகள். முதலாவது லேசர் பிரிண்டர். அதையும் யூ.பி.எஸ்ஸில் செருகியிருந்தார்கள். லேசர் பிரிண்டர் உள்ளே இருக்கும் உருளையைச் சூடாக்கும்போது பல நூறு வாட் இழுக்கும். 600 வி.ஏ. யூ.பி.எஸ். தாங்குவது ஏறக்குறைய 360 வாட்தான். பிரிண்ட் கொடுத்ததும் யூ.பி.எஸ். கையை விரித்தது, கம்ப்யூட்டர் அணைந்தது. எஸ்.எம்.பி.எஸ். மேல் பழி விழுந்தது இதனால்தான். பிரிண்டர் எப்போதும் நேராகச் சுவர் பிளக்கில்தான் இருக்க வேண்டும்.

பிரிண்டரை மாற்றியபோது இரண்டாவது வெளியே வந்தது. பிரிண்டரின் யூ.எஸ்.பி. கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருக்கென்றது. யூ.பி.எஸ். செருகியிருந்த பிளக்கில் மூன்று ஓட்டைகள் இருந்தன, மூன்றாவதற்குப் பின்னால் எர்த் ஒயரே இணைக்கப்படவில்லை. எர்த் இல்லாத கம்ப்யூட்டரின் தகரத்தில், எஸ்.எம்.பி.எஸ். உள்ளே உள்ள ஃபில்டர் வழியாக 110 வோல்ட் அளவுக்கு மிதக்கும். மின்னோட்டம் குறைவுதான், ஆனால் எர்த் உள்ள பிரிண்டரைச் செருகியதும் அது யூ.எஸ்.பி. கேபிள் வழியாக இறங்கப் பார்க்கும். இது கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் வேலையல்ல, எலக்ட்ரீஷியனின் வேலை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. கடற்கரை மணலில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் நினைப்பதே இல்லை.

மூன்றாவது சின்னது. அடாப்டர் இல்லாத ஹப்பில் ஸ்கேனர், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாம் தொங்கின. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர், நீல நிற 3.0 போர்ட் 900. ஹப் அதைப் பங்குபோடத்தான் செய்யும். ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டில் நேராக உள்ள பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினோம்.

டிரைவரும் காரணமாகலாம். புதிதாக அப்டேட் ஆன பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் கொடுத்துப் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றது, கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால்தான்.

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியும். கேபினெட்டில் படிந்த தூசியோடு அது சேர்ந்தால் மின்சாரம் கசியும் படலமாகிவிடும். போர்ட்டுகளும் ரேம் பற்களும் துரு ஏறிப் பிடிப்பு விடும். உள்ளே தள்ளி இருக்கும் செங்கல்பட்டு நகரில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே தூசிதான் பிரச்சினை. பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினாலே பல கம்ப்யூட்டர்கள் சரியாகிவிடும். மழைக்காலத்தில் தினமும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. ஓடும்போது துணி உறை போடக் கூடாது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததுபோல் ஒரு நாள் வந்தால், சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையும் பிராட்பேண்ட் ஒயரையும் கழற்றி வையுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், எர்த் ஒயர் இணைத்த பிறகு அந்த அலுவலகத்தில் ஸ்கேன் வேலை தடையின்றி முடிந்தது. கழற்றிப்போட்ட பழைய ரேமை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் மூலம் சோதித்துப் பார்த்தோம். ஒரு பிழையும் காட்டவில்லை. இப்போது அது பீரோவில் சந்தா ரசீதுப் புத்தகங்களோடு இருக்கிறது.