சூழ்ச்சியும் திட்டமும்

பொருட்பாலில் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்த என் தம்பி மகன், அதன் முதற் குறளிலேயே சூழ்ச்சி என்ற சொல்லைக் கண்டு திகைத்து, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு, "பெரியப்பா, வள்ளுவர் நம்மைச் சூழ்ச்சி செய்யச் சொல்கிறாரா?" என்று கேட்டான். பிள்ளை கேட்டதில் பிழையில்லை. அவன் அறிந்த சூழ்ச்சி நாடக மேடையில் சகுனி செய்வது. வள்ளுவர் அறிந்ததோ, ஒரு கருமத்தில் இறங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, பின்னர்த் தொடர்ந்து வரும் ஊதியம் எது என்று சீர்தூக்கிப் பார்க்கின்ற ஆலோசனை.

சூழ்தல் என்பதற்குச் சுற்றி நிற்றல் என்பதே பொருள். கடல் நிலத்தைச் சூழ்கிறது. சுற்றத்தார் மணமக்களைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவ்வாறே மனமானது ஒரு காரியத்தை ஒரு பக்கம் மாத்திரம் நோக்கி மயங்கிவிடாமல், அதனை வலம் வருவதுபோல் வந்து நாற்புறமும் ஆராய்வதை நம் முன்னோர் சூழ்ச்சி என்றனர். ஆலோசனை கூறும் பெரியோரைச் 'சூழ்வார்' என்றே குறித்து, அவர்களை அரசனுக்குக் கண்ணாக வைத்தார் வள்ளுவர். தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில், பிறனுக்குக் கேடு நினைப்பவன் செயலையும், அவனுக்குக் கேடு நினைக்கும் அறக்கடவுளின் செயலையும் 'சூழ்' என்ற ஒரே வினையாற் கூறியிருப்பதைப் பார்க்கும்போது, அக்காலத்தில் இச்சொல்லிற் களங்கம் சிறிதும் இல்லை என்பதும், நன்மை தீமை யாவும் சூழப்படும் பொருளைச் சார்ந்தவை என்பதும் தெளிவாகின்றன.

சூழ்ச்சிக்குப் பரிமேலழகர் எழுதிய உரைச்சொல் 'விசாரம்' என்பது. அதுவும் இன்று இடம் பெயர்ந்துவிட்டது. விசாரமாக இருக்கிறான் என்றால் கவலையில் ஆழ்ந்திருக்கிறான் என்றே கொள்கிறோம்.

சூழ்ச்சி இழிந்த வழியைக் கம்பராமாயணத்திற் கண்கூடாகக் காணலாம். இராமனுக்கு முடிசூட்டுவதைப் பற்றித் தசரதன் வசிட்டரோடும் அமைச்சரோடும் கலந்து ஆராயும் பகுதி ஏடுகளிலும் பதிப்புகளிலும் மந்திரப் படலம் எனப்படுகிறது. அதனை அடுத்து வருவது மந்தரை சூழ்ச்சிப் படலம். அதற்கும் அடுத்தது கைகேயி சூழ்வினைப் படலம். இலங்கையில் இராவணன் கூட்டிய சபைக்குங்கூட மந்திரப் படலம் என்றே பெயர். கொடியவனேயாயினும் அரசன் சபை கூட்டிச் செய்தால் அது மந்திரம். அந்தப்புரத்தில் கூனி செய்தால் அது சூழ்ச்சி! உயர்ந்த ஆலோசனைக்கு மந்திரம் என்னும் வடசொல் வந்து அரியணையில் அமர்ந்தபின், பழைய தமிழ்ச் சொல்லுக்கு எஞ்சியது பின்கட்டு மாத்திரமே என்று நான் கருதுகிறேன். ஆராய்ச்சியெல்லாம் நாலு பேர் அறியாமல் நடப்பதாகலின், மறைவில் நடப்பது தீயதாகவே இருக்கும் என்ற ஜனங்களின் ஐயமும் இதற்குத் துணை செய்திருக்க வேண்டும். பாரதியார் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டபோது, அதில் துரியோதனன் சூழ்ச்சிச் சருக்கம் என்று ஒரு சருக்கம் இருந்ததைக் கண்டு எவரும் வியந்திருக்கமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான யாத்திரை செய்தது திட்டம் என்ற சொல். இது முதலில் எதிர்காலத்தைப் பற்றியதே அன்று. அளவையும் நிச்சயத்தையும் பற்றியது. குழம்பை உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துப் பார்த்து, உப்பு மிகவும் இல்லை, குறையவும் இல்லை என்று கண்டு, "திட்டமாக இருக்கிறது" என்று என் பாட்டியார் சொல்லிய சொல்லில் இப்பழம்பொருள் அப்படியே இருந்தது. கோயில்களில் இன்ன காலப் பூஜைக்கு இத்தனை படி அரிசி, இன்ன சந்நிதி விளக்குக்கு இத்தனை எண்ணெய் என்று வரையறுத்து வைத்த கணக்கிற்குத் திட்டம் என்று பெயர். அறநிலையச் சட்டத்தை ஆங்கிலத்தில் இயற்றியவர்களும் இச்சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்துக்கொண்டனர். மடைப்பள்ளியில் அரிசியை அளந்த இந்தச் சொல்லே, 1951-இல் தேசம் முழுவதற்கும் அணையையும் ஆலையையும் அளக்கும் ஐந்தாண்டுத் திட்டமாக உயர்ந்தது. முன்கூட்டி எண்ணுவதென்பது முதலில் கையிருப்பை அளப்பதே என்ற உண்மை இதனுள் பொதிந்திருப்பதால், இச்சொல்லினிடத்தில் எனக்குத் தனிப்பட்ட அன்பு உண்டு.

ஆயினும் நாளிதழைப் பிரித்தால் சதித்திட்டம், திட்டமிட்ட கொலை என்ற தலைப்புகள் கண்ணிற் படுகின்றன. திட்டத்தைக் கெடுப்பதற்கு இன்னும் சதியோ கொலையோ அதன் அருகில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சூழ்ச்சிக்கு அந்தத் துணையும் வேண்டாமற் போய் வெகுகாலம் ஆயிற்று.