மனிதனும் கணினியும் ஆடும் சதுரங்கம்: இன்னும் பார்க்கத் தக்கதா?

1997ஆம் ஆண்டு மே 4 அன்று, நியூயார்க் நகரின் உயர்ந்த கட்டடம் ஒன்றின் 35ஆம் தளத்தில், உலக வெற்றியாளர் கேரி காஸ்பரோவ் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணினியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். ஆறு ஆட்டங்கள் கொண்ட தொடரில் அது இரண்டாவது ஆட்டம். 45 நகர்வுகள் முடிந்திருந்தன. கீழே அரங்கில் அமர்ந்து திரையில் பார்த்தவர்கள் அம்முடிவை இயல்பானதாகவே ஏற்றனர். காஸ்பரோவ் கைவிட்ட நிலையில் இடைவிடாது செக் வைத்து ஆட்டத்தைச் சமன் செய்யும் வழி இருந்ததைப் பகுப்பாய்வாளர்கள் அடுத்த நாள்தான் காட்டினர். ஆடியவர் அதைக் காணவில்லை, அரங்கமும் காணவில்லை.

இன்று அத்தகைய நிலையை ஒரு சிறுவன் தன் கைபேசியில் இட்டால் சில நொடிகளில் விடை கிடைத்துவிடும். அவ்வாறாயின், மனிதரும் கணினியும் எதிரெதிரே அமர்ந்து ஆடுவதைப் பார்ப்பதில் இனிப் பொருள் உண்டா? இதற்கு விடை காண, இப்போட்டிகளில் மக்கள் இதுவரை எதைப் பார்க்கச் சென்றார்கள் என்பதை அறிய வேண்டும்.

1770இல் வியன்னாவில், பேரரசி மரியா தெரேசாவின் அவையில், வொல்ஃப்காங் வான் கெம்பெலன் ஒரு சதுரங்க இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார். துருக்கியர் உடையணிந்த பொம்மை ஒன்று பெட்டியின் மீது காய்களை நகர்த்தியது. 1809இல் நெப்போலியனும் அதனோடு ஆடினார். உள்ளே மனிதர் ஒருவர் ஒளிந்திருந்தார் என்பதே உண்மை. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1836இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு நுட்பமான வாதத்தை முன்வைத்தார். உண்மையான இயந்திரமாயின் எப்போதும் வெல்லும். இதுவோ சில வேளை தோற்கிறது. ஆகவே இது தூய இயந்திரமன்று. அக்காலத்து மக்கள் பார்க்கச் சென்றது ஆட்டத்தின் தரத்தை அன்று. பெட்டிக்குள் இருப்பது யார் என்னும் ஐயமே அவர்களை ஈர்த்தது.

கணினிக் காலத்தில் அந்த ஐயம் பந்தயமாக உருமாறியது. 1950இல் கிளாட் ஷானன் கணினியைச் சதுரங்கம் ஆடச் செய்யும் முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1968இல் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் டேவிட் லெவி, பத்தாண்டுகளுக்குள் எந்தக் கணினியும் தம்மை வெல்லாது எனச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜான் மெக்கார்த்தியிடம் பந்தயம் கட்டினார். பிறரும் சேர்ந்ததால் பந்தயத் தொகை 1,250 பவுண்டாக வளர்ந்தது. 1978இல் டொராண்டோவில் செஸ் 4.7 என்னும் நிரலை லெவி 3.5-1.5 என வென்றார். வேகமான மோதலைத் தவிர்த்து, நிலையை இறுக்கி மூடி, இயந்திரம் திட்டமின்றித் தடுமாறும்வரை பொறுத்திருப்பதே அவர் கையாண்ட உத்தி. ஆயினும் ஓர் ஆட்டத்தில் அவர் தோற்றார் என்பது வரப்போவதை முன்னுணர்த்தியது.

1996இல் ஃபிலடெல்ஃபியாவில் டீப் புளூவை 4-2 என வென்ற காஸ்பரோவ், அடுத்த ஆண்டு நியூயார்க்கில் 3.5-2.5 எனத் தோற்றார். நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் வேகம் அந்த இயந்திரத்துக்கு இருந்தது. எனினும் காஸ்பரோவைக் கலங்கச் செய்தது வேகமன்று. இரண்டாம் ஆட்டத்தில் காலாட்களைக் கைப்பற்றும் வாய்ப்பை விட்டுவிட்டு, எதிர்த்தாக்குதலை முன்கூட்டியே முடக்கும் அமைதியான நகர்வை அது ஆடியது. இதில் மனிதக் கை இருக்கலாம் என அவர் ஐயுற்றார். இயந்திரத்தின் பதிவுகளைக் கேட்டார். வியன்னாவில் எழுந்த அதே ஐயம் 227 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எழுந்தது. வியன்னாவில் அது சரியாக இருந்தது. நியூயார்க்கில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

நியூயார்க் தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் விசுவநாதன் ஆனந்த், ரெபெல் 10 என்னும் நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். மொத்தத்தில் ரெபெல் 5-3 என வென்றது. ஆனால் கூட்டுத்தொகையைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியும். ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கில் ரெபெல் 3-1. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் ரெபெல் 1.5-0.5, முழு நேர ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1.5-0.5. சிந்திக்க நேரம் கிடைத்த அளவுக்கு மனிதர் மேலெழுந்தார். அக்காலப் போட்டிகள் உண்மையில் அளந்தது இதையே: மனித அறிவு இயந்திரக் கணக்கீட்டுக்கு ஈடுகொடுக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

அந்த அளவுகோல் விரைவில் முறிந்தது. 2002இல் பஹ்ரைனில் விளாதிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸோடு 4-4 எனச் சமன் செய்தார். 2005இல் லண்டனில் ஹைட்ரா, மைக்கேல் ஆடம்ஸை 5.5-0.5 என நசுக்கியது. 2006இல் ஜெர்மனியின் பான் நகரில், உலக வெற்றியாளராக இருந்த கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸிடம் 4-2 எனத் தோற்றார். அத்தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், ஒரே நகர்வில் செக்மேட் ஆகும் ஆபத்தைக் கவனியாமல் அவர் அரசியை நகர்த்தினார். ஆட்டம் கற்கத் தொடங்கியவருக்கும் தெரியும் பிழை அது. அதன்பின் சமநிலைப் போட்டிகளுக்குப் பொருள் குன்றியது. 2009இல் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்னும் நிரல், ஒரு கைபேசியில் இயங்கியபடியே புவெனஸ் அய்ரெஸ் போட்டியில் 10க்கு 9.5 புள்ளி பெற்றது. 2017இல் ஆல்ஃபாஸீரோ, கணினி நிரல்களுள் முன்னணியில் இருந்த ஸ்டாக்ஃபிஷை 100 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 28இல் வென்றது. முடிவு முன்பே தெரிந்த போட்டியைப் பார்க்க யார் வருவார்?

ஆயினும் சதுரங்க மரபிலேயே இதற்கு ஒரு மாற்று உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸின் கஃபே த லா ரெஜான்ஸ் போன்ற காப்பிக் கடைகளில் வல்லவரும் எளியவரும் ஆடும்போது, வல்லவர் தம் காலாள் ஒன்றையோ குதிரை ஒன்றையோ முன்கூட்டியே நீக்கிவிட்டு ஆடுவது வழக்கம். அதை எவரும் அவமானமாகக் கருதியதில்லை. ஆட்டத்தின் முடிவை மீண்டும் ஐயத்துக்குரியதாக்கும் ஏற்பாடு அது. 2016இல் ஹிகாரு நகமுரா, கொமோடோ நிரலோடு இம்முறையில் நான்கு ஆட்டங்கள் ஆடினார். முதல் மூன்றும் சமனில் முடிந்தன. நான்காவதில் கொமோடோ வென்றது.

லீலா என்னும் நிரலின் சில வடிவங்கள் அண்மை ஆண்டுகளில் இதற்கெனவே பயிற்றப்பட்டு, குதிரையையோ அரசியையோ விட்டுக்கொடுத்து லிசெஸ் தளத்தில் ஆடுகின்றன. பொதுவான நிரல், எதிராளி பிழையின்றி ஆடுவார் எனக் கொள்வதால், குதிரையை இழந்த நிலையைத் தோல்வியென்றே மதிப்பிடும். இவையோ எதிராளி தவறக்கூடியவர் எனக் கொண்டு, காய்மாற்றத்தைத் தவிர்த்துச் சிக்கலைப் பெருக்குகின்றன. மனிதருக்குரிய வழி தெளிவானது: காய்களை மாற்றி, நிலையை எளிதாக்கி, கையிலுள்ள மிகையைக் காக்க வேண்டும். தெரிந்த வழியிலேயே இறுதிவரை நடப்பது எத்துணை அரிது என்பதை இவ்வாட்டங்கள் காட்டுகின்றன.

இப்போட்டிகளைப் பார்க்காதவர்களும் இன்று கணினியோடுதான் சதுரங்கம் பார்க்கின்றனர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக வெற்றியாளர் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், டிங் லிரென் தம் 55ஆம் நகர்வில் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். நேரலையின் மதிப்பீட்டுப் பட்டை உடனே சரிந்தது. அது பெரும்பிழை என உலகெங்கும் பார்த்தவர்கள் அறிந்த கணத்தில், பலகையின் எதிரே இருந்த சென்னையின் குகேஷ் இன்னும் அறியவில்லை. சில கணங்கள் கழித்தே அவர் அதைக் கண்டார். 18 வயதில் உலக வெற்றியாளரானார். பார்வையாளருக்கு உண்மை முன்பே வழங்கப்பட்டிருந்தது. குகேஷ் அதைத் தாமே கண்டடைய வேண்டியிருந்தது. அன்று பார்க்கத் தக்கதாக இருந்தது அந்தச் சில கணங்களே.

ஆகவே இக்கேள்விக்கு இரு பகுதிகளாக விடை கூறலாம். யார் வலியவர் என்றறிய நடத்தப்பட்ட சமநிலைப் போட்டி தன் பணியை முடித்துவிட்டது. அதை மீட்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்து ஆடும் போட்டி, அதிலும் மனிதருக்குச் சிந்திக்கப் போதிய நேரம் தரும் போட்டி, இன்னும் பார்க்கத் தக்கது. அப்போட்டியை மதிப்பீட்டுப் பட்டையை மறைத்துவிட்டுப் பார்ப்பது மேலும் நன்று. 1997இல் அரங்கில் இருந்தவர்களுக்கு அந்தப் பட்டை இல்லை. காஸ்பரோவ் எதை அறியாமல் எழுந்தாரோ அதையே அறியாமல் அவர்களும் எழுந்து வீடு திரும்பினர்.