பெரம்பூர் கேட்ட பத்து நிமிடம்

சென்னை பெரம்பூர் வட்டாரத்தில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918-இல் எழுப்பிய முதல் கோரிக்கைகளில் ஒன்று, மதிய இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்ட வேண்டும் என்பது. அப்போது கிடைத்தது அரை மணி நேரம். அதற்குள் கை கால் கழுவி, உண்டு, ஆலைக் கதவு சாத்தப்படுமுன் உள்ளே வந்துவிட வேண்டும். பிந்தி வந்தவருக்கு அரை நாள் கூலி போனது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க அன்றைய சட்டம் இடம் தந்தது. அரை மணி ஓய்வும் சட்டம் சொன்ன அளவுதான். ஆலை சட்டத்தை மீறவில்லை. ஆனால் அந்த அளவு போதவில்லை என்பதைச் சொல்ல ஆலைக்குள் தொழிலாளிக்கு ஓர் இடம் இல்லை. அதனால்தான் அவர் குறை, ஆலைக்கு வெளியே செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு ஆகியோரிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வழியாக அது அன்னி பெசன்டின் கூட்டாளி பி.பி. வாடியாவை எட்டியது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களில் முதலாவது அது என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

இந்த ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் கொடுமையான முதலாளி அல்லவே, தொழிலாளர் நலனில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேர் வாங்கியதல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1904-லேயே அங்கே ஆலைப் பள்ளி இருந்தது. நாளடைவில் குடியிருப்புகளும் எழுந்தன. ஆயினும் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே: இத்தனை நலத்திட்டங்கள் இருந்த ஆலையில்தான் அமைதியின்மை இவ்வளவு ஆழமாக வேரோடியது. பள்ளி வேண்டுமா, கூடுதலாகப் பத்து நிமிடம் வேண்டுமா என்று தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. எது நன்மை என்று முடிவுசெய்யும் உரிமை முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தது. கொடுப்பவர் நல்லவராக இருந்தாலும், பெறுபவர் தன் வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாதபோது அவருக்கு அந்த இடத்தின்மேல் ஒட்டுதல் வருவதில்லை.

சங்கம் வந்து என்ன சாதித்தது, 1921-இல் தோற்றுப்போகவில்லையா என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. அந்த ஆண்டு மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் தோல்வியில்தான் முடிந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இதில் அரசையும் நிர்வாகத்தையும் மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. மேலதிகாரியிடம் தன் குரல் கேட்கப்பட வேண்டும் என்று கோரிய சங்கம், தன்னோடு ஒரே தறிக்கூடத்தில் நின்ற ஆதிதிராவிடரின் நம்பிக்கையைப் பெறத் தவறியது. சேரிக்காரன் என்று ஒதுக்கியவரின் அழைப்பை ஏற்றுக் கூலியை இழக்க அவர் ஏன் முன்வர வேண்டும்? செவிமடுக்கத் தவறியவர் முதலாளி மட்டுமல்லர். ஆனால் தோல்விக்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வென்ற நிர்வாகமே 1922-இல் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்காரும் நலக் குழுவை ஆலைக்குள் அமைத்தது. சங்கத்துக்குப் பதிலாக அதை நிறுத்தும் எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், குறை கேட்க ஓர் இடமின்றி ஆலை ஓடாது என்பதை நிர்வாகம் தன் செயலாலேயே ஒப்புக்கொண்டுவிட்டது.

இன்னொரு விளைவு நீதிமன்றத்தின் வழியாக வந்தது. 1920-இல் பின்னி நிறுவனம், வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டியதாக வாடியா முதலியோர்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. அவர் சங்கத்திலிருந்து விலகிய பிறகே வழக்கு கைவிடப்பட்டது. சட்டப் பாதுகாப்பு இல்லாத சங்கத்தின் நிலை இதுதான் என்று நாடு கண்டது. மறு ஆண்டே என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் நிறைவேறிய தொழிற்சங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகிகள்மீது அதே காரணத்தைக் காட்டி உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாதபடி செய்தது.