இமயம் ஏறிய தமிழர்

1997ஆம் ஆண்டு மே திங்கள் 23ஆம் நாள், வெள்ளிக்கிழமை, நண்பகலை ஒட்டிய வேளையில் மலேசியத் தமிழர் இருவர் எவரெஸ்ட் முடியை அடைந்தனர். முதலில் உச்சி மிதித்தவர் மு. மகேந்திரன், சிறிது பொழுதில் அவரைத் தொடர்ந்தவர் நா. மோகன்தாஸ். மலேசியர் எவரும் அதற்கு முன் அங்குக் கால் வைத்ததில்லை. தீபகற்ப மலேசியாவின் உயர்ந்த மலையாகிய தகான் 2,187 மீட்டரே. சபாவின் கினபாலு 4,095 மீட்டர். கினபாலுவின் உச்சிப் பாறைகளில் பழம் பனியூழியிலே பனிக்கட்டி தேய்த்துச் சென்ற தடங்கள் உள்ளன என நிலநூலார் கூறுவர். அப்பனி மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஆண்டு முழுதும் வியர்வை காயாத பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வாழும் நமக்கு, பனிக்கட்டி என்பது கடையில் வாங்கிக் குடிநீரில் இடும் பொருள் அன்றி வேறன்று. அத்தகைய நாட்டினின்று சென்றோர் அம்முடியை எய்தினர் என்பதே இந்நிகழ்ச்சியின் அருமை.

தமிழ் வகுப்பில் இமயம் என்றவுடன் ஆசிரியர் பலர்க்கும் நினைவிற்கு வருவது சேரன் வில் பொறித்த செய்திதான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் என்னும் பெயருக்கே இமயத்தை எல்லையாக உடையவன் என்பது பொருள். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்திலே குமட்டூர்க் கண்ணனார் அவனைப் பாடினார். கரிகாலன் புலி பொறித்தான் என்பதும், செங்குட்டுவன் பத்தினிக் கடவுட்குக் கல் கொணர வடதிசை சென்றான் என்பதும் சிலப்பதிகாரச் செய்திகள். இவற்றைப் பாட்டாகக் கற்பித்தல் வேறு. வரலாறாகக் கற்பித்தல் வேறு. வடபுலத்துக் கல்வெட்டு ஒன்றேனும் இப்பொறிப்புகட்குச் சான்று தரவில்லை. வடக்கே பனிமலையையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் கூறி மன்னனை வாழ்த்துதல் அக்காலப் புலவர் மரபு. காரிகிழார் பாடிய புறநானூற்று ஆறாம் பாட்டும் அம்மரபினதே. இன்னும் ஒன்று. வஞ்சிக் காண்டத்தை ஊன்றிப் படிப்பார்க்கு, கல் கொள்ள இமயத்திற்கு வில்லவன்கோதையுடன் படையை ஏவினான் செங்குட்டுவன் என்பது விளங்கும். வஞ்சி நீங்கி முப்பத்திரண்டு திங்கள் ஆயின என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் இளங்கோவடிகள், பனிமலையில் ஏறிய வழியை விரித்துரைக்கவில்லை. காப்பியத்திற்கு அது வேண்டப்படவும் இல்லை.

ஏறிச் செல்லும் உடலின் துன்பத்தைத் தமிழில் முதலில் விரிவாக எழுதியவர் சேக்கிழார் என்றே யான் கருதுகின்றேன். திருநாவுக்கரசர் கயிலை நோக்கிச் சென்ற பகுதியை நோக்குக. நடந்து நடந்து பாதங்கள் கணுக்கால் வரை தேய்கின்றன. பின் கைகளால் தாவிச் செல்ல, அவை மணிக்கட்டு வரை கரைகின்றன. பின் மார்பால் உந்துகின்றார். அதுவும் ஒழிந்தபின் உடலைப் புரட்டிப் புரட்டிச் செல்கின்றார். கயிலையை அவர் எய்தவில்லை. இறைவன் ஆணையால் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பது புராணம். இதனைப் பத்தி மிகுதியால் எழுந்த கற்பனை என்று கூறிச் செல்வார் உளர். எனினும் ஓர் உண்மை அதில் உளது. நெடுவழியில் மனிதவுடல் ஒரே நாளில் வீழ்வதில்லை. உறுப்பு உறுப்பாக, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்தே வீழ்கின்றது. மலையேறுவோர் எழுதிய குறிப்புகளைப் படித்தபின் அப்பகுதியைப் படிப்பவர்க்கு இது விளங்கும்.

ஏனைய அருளாளர் திறம் வேறு. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் வடநாட்டுத் தலங்களைத் திருக்காளத்தியில் இருந்தவாறே பாடினர் எனப் பெரிய புராணம் ஒளிவு மறைவின்றிக் கூறுகின்றது. திருமங்கையாழ்வார் பதரியையும் திருப்பிரிதியையும் சாளக்கிராமத்தையும் பாடியுள்ளார். சாளக்கிராமத்தை இன்று நேபாளத்தின் முக்திநாத்தாகக் கொள்வர். அது 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது.

பாட்டை விட்டு அளவைக்கு வருவோம். இமயத்தின் உயரம் அறியப்பட்ட வரலாறு தொடங்கிய இடம் சென்னைப் பறங்கிமலை என்பதை நம்மவரிற் பலர் அறியார். 1802ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் அங்கு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஒரு கோடும் இரு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம் என்பது பள்ளி மாணவன் அறிந்த பாடம். அப்பாடத்தையே முக்கோணம் முக்கோணமாக வடக்கே நீட்டினார். இடையில் ஒரு தீங்கும் நேர்ந்தது. 1808இல் தஞ்சைக் கோவில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்பொழுது கயிறு அறுந்து, கருவி மோதிப் பழுதுற்றது. அதனைத் தாமே செப்பனிட்டார் லாம்டன். அவர் 1823இல் மறைய, ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடி வரை கொண்டு சென்றார். பதினைந்தாம் முடி எனக் குறித்த கொடுமுடியே உலகில் உயர்ந்தது என்பதை 1852இல் இராதாநாத் சிக்தார் என்னும் வங்க அறிஞரின் கணக்கு காட்டிற்று. 1856இல் 29,002 அடி என அறிவித்தனர். 1865இல் எவரெஸ்ட் என்னும் பெயர் நிலைபெற்றது. நேபாள மக்கள் அதனைச் சாகர்மாதா என்பர். திபெத்தியர் சோமோலுங்மா என்பர். நேபாளமும் சீனமும் 2020இல் அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். இவ்வளவு கருவிகள் வந்தபின்னும் பழைய கணக்கிற்கும் புதிய கணக்கிற்கும் இடையே உள்ள வேறுபாடு முப்பது அடி அளவே என்பது வியப்பிற்குரியது.

இனி வழி. 1953இல் ஹில்லாரியும் தென்சிங்கும் ஏறிய படையெடுப்பு, காத்மாண்டு பள்ளத்தாக்கினின்று மலையடிவாரம் சேரவே இரண்டு வாரத்திற்கு மேல் நடந்தது. 1964இல் லுக்லாவில் வானூர்தித் தளம் அமைந்தபின் அந்நடை குறைந்தது. எனினும் லுக்லாவினின்று அடித்தளப் பாசறை செல்ல எட்டு நாளேனும் வேண்டும். தூரம் மிகுதி என்பதனால் அன்று. விரைந்து செல்லலாகாது என்பதனால். லுக்லாவின் உயரம் 2,860 மீட்டர். அஃதாவது நம் தகான் மலையின் உச்சிக்கும் மேலே உள்ள இடத்தில்தான் அந்நடை தொடங்குகின்றது. அங்கிருந்து நாம்சே பசார் 3,440 மீட்டர், தெங்போச்சே மடம் ஏறத்தாழ 3,870, திங்போச்சே 4,410. திங்போச்சேயில் உறங்குகின்றவன் கினபாலு உச்சியினும் முந்நூறு மீட்டர் உயரத்தில் உறங்குகின்றான். அதற்கு மேல் லோபுசே, கோரக் ஷெப் ஆகிய ஊர்களைக் கடந்தே 5,364 மீட்டரில் உள்ள பாசறையை அடைதல் வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதிற் பாதி. முடியிலோ மூன்றில் ஒரு பங்கு. கினபாலுவை இரண்டு நாளில் ஏறி இறங்கிய நம்மவர் சிலர், அதுவே இமயத்திற்குப் போதிய பயிற்சி என எண்ணுவர். அது தவறு. உயரத்திற்கு உடல் பழகுவதற்குள் கினபாலுவினின்று இறங்கிவிடுகின்றோம். குருதியில் செவ்வணுக்கள் பெருகி உடல் தேறுதற்குப் பல நாளும் வாரமும் செல்லும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மிகாமல் உயர்த்துக என்பதும், பகலில் மேலே ஏறி இரவில் கீழே இறங்கித் துயில்க என்பதும் மலைநாட்டு மருத்துவர் வகுத்த நெறி. தலைநோவு, குமட்டல், உறக்கமின்மை தோன்றின் மேலே செல்லலாகாது. முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிர் போம்.

பாசறைக்கு மேல் கும்பு பனியாறு. பனியாறு என்னும் சொல்லைச் சிறிது விளக்குதல் நன்று. பெய்த பனி உருகாமல் ஆண்டுதோறும் அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகி, தன் பாரத்தாலே சரிவில் மெல்ல ஒழுகுவதே பனியாறு. கல்லும் மண்ணும் அதன்மேல் வீழ்ந்து மூடுவதால், கும்புவின் கீழ்ப்பகுதியில் நடப்பவன் தான் பனிக்கட்டியின்மேல் நடப்பதையே அறியான். கற்குவியல் என்றே எண்ணுவான். மேலே செங்குத்தான சரிவில் அது உடைந்து வீழுமிடம் பனிவீழ்ச்சி. வீடளவும் மாளிகையளவும் உள்ள கட்டிகள் அங்கே சாய்ந்து நிற்கின்றன. நாளொன்றுக்கு ஒரு மீட்டர் வரை நகரும் இடமாதலின், நேற்றிருந்த வழி இன்றில்லை. பிளவுகளின்மேல் அலுமினிய ஏணிகளைக் கிடத்திக் கயிறு கட்டி வழி அமைப்போர் ஷெர்ப்பா மக்களே. 2014 ஏப்பிரல் 18ஆம் நாள் அவ்விடத்தே பனிச்சரிவு வீழ்ந்து மலைத் தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர். ஏறியவர் பெயரை மட்டும் போற்றி, ஏணி கட்டியவரை மறப்பது நன்றியன்று. மகேந்திரனும் மோகன்தாசும் ஷெர்ப்பாக்களோடுதான் முடி சேர்ந்தனர்.

இவ்விடத்தே ஒரு சொல்லாராய்ச்சி. தமிழில் பனி என்பது முன்பனி, பின்பனிக் காலத்து இலைநுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குறிக்கும். வடமலையில் உறைந்து கிடப்பதையும் குறிக்கும். பனித்தல் என்றால் நடுங்குதல். துளியும் உறைவும் நடுக்கமும் ஒரு சொல்லில் அடங்கின. ஐந்திணை வகுத்த நம் முன்னோர் பனிநிலத்திற்கென ஒரு திணை வகுக்கவில்லை. அவர்தம் குறிஞ்சி, அருவியும் தினைப்புனமும் உடைய குறிஞ்சி. ஆகவே மாணவர்க்கு இமயப் பயணத்தைக் கற்பிக்குங்கால் உறைபனி, பனிக்கட்டி, பனியாறு, பனிப்பிளவு, பனிச்சரிவு எனப் பிரித்துச் சொல்லுதல் இன்றியமையாதது. எல்லாவற்றையும் பனி என்று ஒரே சொல்லால் கூறி முடித்தால், கயிறு கட்டி நடப்பது ஏன் என்பதே மாணவனுக்கு விளங்காது.

பனிவீழ்ச்சியைக் கடந்தால் முதற் பாசறை 6,000 மீட்டரை ஒட்டி. இரண்டாவது 6,400 மீட்டரை ஒட்டி. லோட்சே மலையின் பனிச்சுவரில் 7,200 மீட்டர் அளவில் மூன்றாவது. தென்கணவாய் 7,900 மீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் இவற்றை ஏறுவதில்லை. ஏறி, தங்கி, இறங்கி, மீண்டும் ஏறி வாரக்கணக்கில் உடலைப் பழக்குவர். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மரண மண்டலம் என்பர். எவ்வளவு பழகிய உடலும் அங்கு நாழிகைதோறும் அழியுமேயன்றித் தேறாது. பத்துமலையின் 272 படிகளில் இடையே நின்று மூச்சு வாங்குவோர் நம்மில் உளர். அங்கோ ஓரடி எடுத்து வைக்கப் பலமுறை மூச்சு வாங்கல் வேண்டும். நள்ளிரவை ஒட்டித் தென்கணவாயை நீங்கி, உயிர்வளிக் குப்பியைச் சுமந்து, மறுநாட் பகலில் முடி சேர்ந்து, இருட்டுமுன் இறங்குதல் வழக்கம். இறங்குதலே கொடிது. 1996ஆம் ஆண்டு மே 10, 11 ஆகிய நாட்களில் புயலில் அகப்பட்டு எட்டு பேர் மாண்ட செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. அதற்கு மறு ஆண்டே நம்மவர் அம்மலைக்குச் சென்றனர் என்பதைக் கருதுக. முன் ஆண்டின் சாவுகளை அறிந்தே சென்றனர். முடியினின்று உயிரோடு மீண்டனர். யான் பெரிதாக மதிப்பது கொடி நாட்டியதனினும் இதனையே.

பின்னாளில் இருவரும் டத்தோ பட்டம் பெற்றனர். ஆனால் பட்டம் வேறு, பாடம் வேறு. சேரன் வில்லை எழுதப் பத்து வரி ஒதுக்கும் தமிழ்க் கட்டுரைப் பயிற்சியில், சான்றோடு நிலைபெற்ற இவ்வேற்றத்திற்கு இரண்டு வரியேனும் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. வில்லை நீக்குக என்று யான் கூறவில்லை. அது பாட்டின் அழகு. வில்லைச் சொல்லும் ஆசிரியர் நாளும் உயரமும் பெயரும் தெரிந்த இச்செய்தியையும் சொல்லின், பாட்டு இது, வரலாறு இது எனப் பிரித்தறியும் பழக்கம் மாணவனுக்கு எளிதில் அமையும்.

தமிழ்நாட்டிலும் இத்துறை அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் முடியை அடைந்த முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். அவர் முடி சேர்ந்த நாள் 2023ஆம் ஆண்டு மே திங்கள் 23. மகேந்திரனும் மோகன்தாசும் சேர்ந்ததும் அதே நாளில்தான். இடையே இருபத்தாறு ஆண்டுகள்.